அறுபது மீட்டரில் பழகி முப்பதில் நின்றவர்: ஒரு வில்வேட்டைப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

இருபது மீட்டரில் ஆறு அம்புகளும் ஐந்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நின்றன. அதே ஆள், அதே வில், அதே ஆறு அம்புகள். அறுபது மீட்டருக்குப் பின்வாங்கி எய்தபோது இரண்டு அம்புகள் அட்டையின் அடிப்பக்கம் இறங்கியிருந்தன. ஒன்று வலது ஓரத்தில். மற்றவை நடுவைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. அளந்து பார்த்தோம். மேலிருந்து கீழ் 38 செ.மீ., குறுக்கே 27 செ.மீ.

"அண்ணா, வில்லுலதான் ஏதோ கோளாறு" என்றார் எய்த நண்பர். கோளாறு இருந்தது உண்மை. ஆனால் அது ஓர் இடத்தில் இல்லை. நாலைந்து இடங்களில் சிறு சிறு துண்டுகளாக ஒளிந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்த பன்னிரண்டு வாரங்களின் கதை இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

ஆளும் கருவியும்

நண்பர் என்னைவிடப் பல வயது இளையவர். வில்வேட்டைக்கு உரிமம் தரும் ஒரு நாட்டில் வேலை பார்க்கிறார். ஆறு வருடமாக, முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் பிடிக்கிறார், மூன்று பருவங்கள் மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அடுத்த பருவத்துக்குள் ஐம்பது மீட்டர் வரை நம்பி எய்யும் நிலைக்கு வர வேண்டும். நான் வேட்டைக்காரன் இல்லை. இலக்கு எய்தலில் பல காலம் இருந்தவன், சிலருக்குச் சொல்லிக்கொடுத்தவன். அதனால் "ஐம்பது மீட்டர் வருமா வராதா என்று இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன், எழுதி வைத்துப் பார்ப்போம்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

அவருடைய வில்லின் இழுவிசை 27 கிலோ. அம்பு முனையோடு சேர்த்து 28 கிராம். வேகமானியில் வைத்துப் பார்த்ததில் நொடிக்கு 82 மீட்டர். வேட்டைக்கு இது போதுமான கருவி, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பயிற்சி இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது மீட்டரில் தவறிய அம்பு அங்கேயே விழுந்துவிடாது. மேல்நோக்கி நழுவிய காம்பவுண்ட் அம்பு நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். ஆகவே இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு, அதற்கு அப்பால் வழியோ வீடோ இல்லை என்ற உறுதி, வில்லை வானம் பார்த்து இழுக்காத பழக்கம் மூன்றும் இருந்தால் மட்டுமே தொடங்குவோம் என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒன்பது மடங்கு

வில் கையில் எடுப்பதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். பிழை கோணத்தில் மட்டும் என்றால், அது தூரத்தோடு நேராக வளரும். இருபது மீட்டரில் 5 செ.மீ. சிதறல், அறுபதில் 15 செ.மீ. ஆக வேண்டும். அவருக்கு வந்தது 38. மிச்சம் எங்கிருந்து வந்தது?

அம்பு பறக்கும்போது விழுந்துகொண்டே போகிறது. நொடிக்கு 82 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு, இருபது மீட்டரைத் தாண்ட கால் நொடி எடுக்கிறது, அதற்குள் சுமார் 29 செ.மீ. விழுகிறது. அறுபது மீட்டருக்கு முக்கால் நொடி, விழுவதோ 2.6 மீட்டர். தூரம் மூன்று மடங்கு, வீழ்ச்சி ஒன்பது மடங்கு. இந்த வீழ்ச்சியோடு பின்னிக் கிடக்கும் பிழை எதுவானாலும் அதுவும் ஒன்பது மடங்காகும். வேகம் கூடிக் குறைவது அப்படிப்பட்ட பிழை, வில் பக்கவாட்டில் சாய்வதும் அப்படித்தான். கிட்டத்தில் இவை ஒரு செ.மீ.க்குள் அடங்கிவிடும், கண்ணிலேயே படாது.

நீண்ட தூரப் பயிற்சியின் முழுப் பயனும் எனக்கு இங்கேதான் இருக்கிறது. தூரத்தில் எய்து பழகினால் தூரத்து மிருகத்தை அடிக்கலாம் என்பதற்காக அல்ல. கிட்டத்தில் நம்மைத் தப்பவிடும் பிழையைத் தூரம் தப்பவிடாது என்பதற்காக.

மூன்றாம் எண், ஐந்தாம் எண்

அம்புகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதினோம். எந்த எண் எங்கே பட்டது என்று ஒவ்வொரு சுற்றும் அட்டையில் குறித்தோம். நாலு நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. மூன்றும் ஐந்தும் எப்போதும் கீழேதான். எந்த வரிசையில் எய்தாலும் கீழே.

அந்த இரண்டிலும் மட்டும், நாணில் மாட்டும் வால்பகுதியான நாக், இருட்டில் ஒளிரும் வகை. பேட்டரி உள்ளது. போன பருவத்தில் அம்பு விழுந்த இடம் தெரியட்டும் என்று போட்டது, அப்படியே இருந்துவிட்டது. தராசில் வைத்தால் மற்றவற்றைவிட ஒரு கிராம் அதிகம். ஒரு கிராம்தானே என்று தோன்றும். அதற்கு வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலே குறைந்தது. இருபது மீட்டரில் அதன் விளைவு ஒரு செ.மீ.கூட இல்லை, அறுபதில் எட்டு செ.மீ. ஆறு அம்புகளுக்கும் ஒரே எடை நாக் போட்டதும் அந்த இரண்டும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எண் எழுதாமல் எய்பவர்கள் இந்த இடத்தில் தங்கள் கையைக் குறை சொல்லத் தொடங்குவார்கள். கை சரியாக இருக்கும்போது கையைத் திருத்தப் போய் இருந்ததையும் கெடுத்துக்கொள்வார்கள். ஒரு பேனா, ஒரு தராசு, நாலு நாள் பொறுமை. அதற்கு முன்னால் உடம்பில் எதையும் மாற்றாதீர்கள்.

நாண் முன்னால் ஊர்ந்தது

அதன் பிறகும் மேல்கீழ்ச் சிதறல் 28 செ.மீ. இருந்தது. பக்கத்திலிருந்து போனில் படம் எடுத்துப் பார்த்தோம். முழுதாக இழுத்து நிறுத்தியபின், குறி பார்க்கும் நேரத்தில், நாண் அவருக்குத் தெரியாமலே அரை செ.மீ. முன்னால் ஊர்ந்தது. நாலு நொடிக்குள் விட்டால் ஊரவில்லை. எட்டு நொடி பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஊர்ந்தது. இழுப்பு குறைந்தால் வேகம் குறையும், அம்பு கீழே போகும்.

காம்பவுண்ட் வில்லின் வசதியே இங்கே எதிரியாகிறது. ஹாலிஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1969-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. முழு இழுப்பில் சக்கரங்கள் திரும்பி பாரத்தை வாங்கிக்கொள்ளும். இன்றைய வில்களில் எண்பது சதவீதம் வரை பாரம் குறைகிறது. அதாவது நண்பர் 27 கிலோ வில்லை முழுதாக இழுத்தபின் ஐந்தரை கிலோவை மட்டும் தாங்கினார். சுமை இல்லாததால் முதுகு ஓய்வெடுக்கத் தொடங்கிவிடுகிறது. மருந்து எளிமையானது. இழுப்பு முட்டி நிற்கும் இடத்தில் முதுகுத் தசை தொடர்ந்து பின்னால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு நொடி தாண்டினால் எய்யக் கூடாது, அம்பை விடாமல் நாணை மெல்ல இறக்கிவிட வேண்டும். இறக்குவதையும் ஒரு பயிற்சியாக வைத்தோம். பத்தில் இரண்டு முறை, எல்லாம் சரியாக இருந்தாலும் நான் "வேண்டாம்" என்பேன், அவர் இறக்குவார்.

தரை சாய்ந்தால் வில்லும் சாயும்

குறுக்குச் சிதறலுக்குக் காரணம் தேட இரண்டு வாரம் ஆனது. அவர் இத்தனை வருடமும் சமதளத்தில் எய்து பழகியவர். நாங்கள் அறுபது மீட்டருக்காகத் தேர்ந்தெடுத்த இடத்தில் தரை வலப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. உடம்பு சரிவோடு சாய்ந்தது, வில்லும் கூடவே சாய்ந்தது. குறி பார்க்க வில்லில் பொருத்தும் சைட்டில் நீர்க்குமிழி மட்டம் இருந்தது, அவர் அதைப் பார்ப்பதே இல்லை.

வில் இரண்டு பாகை வலமாகச் சாய்ந்தால் இருபது மீட்டரில் அம்பு ஒரு செ.மீ. வலம் போகும். அறுபதில் ஒன்பது செ.மீ. வேட்டையில் சமதளம் எங்கே கிடைக்கும்? மரத்தடியிலும் மலைச்சரிவிலும்தான் நிற்க வேண்டியிருக்கும். அதனால் இந்த ஒரு பிழையைப் பிடித்ததற்காகவே அறுபது மீட்டருக்குப் போனது தகும் என்பேன். அன்றிலிருந்து வரிசை இதுதான்: இழு, குமிழியைப் பார், சைட்டின் புள்ளியை இலக்கில் வை, மீண்டும் குமிழியை ஒரு கணம் பார். ஒரு வாரம் தடுமாறினார், அப்புறம் கண் தானாகவே போய் வந்தது. வில் பிடியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் கொஞ்சம் இருந்தது, விரல்களைத் தளர்த்தியதில் அது சரியாகிவிட்டது.

விரலின் அவசரம்

கருவியும் நிலையும் திருந்தியபின் கடைசியாக வெளியே வந்தது அவர் ஆறு வருடமாக மறைத்து வைத்திருந்தது. மறைத்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அவருக்கே தெரியாது. சைட்டின் புள்ளி நடுவைத் தொட்ட கணத்தில் ஆள்காட்டி விரல், நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவியின் விசையைச் சொடுக்கியது. புள்ளி நடுவில் நிற்பதற்கு அவர் காத்திருந்ததே இல்லை. கடந்து போகும்போது பிடித்துவிடலாம் என்ற அவசரம். வில்லாளிகள் இதை டார்கெட் பேனிக் என்பார்கள். அனுபவம் கூடக் கூடச் சிலருக்கு இது இறுகும், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இருபது மீட்டரில் புள்ளி அதிகம் ஆடுவது போலத் தெரியாது, ஆகவே சொடுக்கினாலும் அம்பு கிட்டத்தட்ட நடுவுக்கே போகும். அறுபதில் அதே ஆட்டம் இலக்கின் மேல் பெரிதாகத் தெரிகிறது, பயம் வருகிறது, விரல் முந்துகிறது.

மூன்று வாரம், நாளின் முதல் ஓர் அம்பைத் தவிர (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்), தூரத்தை முழுதாக விட்டுவிட்டோம். வைக்கோல் கட்டுக்கு முன்னால் மூன்று மீட்டரில் நின்று, அட்டை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தினம் இருபது அம்பு. குறி இல்லை, அதனால் அவசரப்படக் காரணமும் இல்லை. விடுபடும் கணம் எப்படி இருக்கிறது என்று தோளும் முதுகும் கற்றுக்கொள்வதற்கான நேரம் அது. சலிப்பான வேலை. நண்பர் பத்தாம் நாள் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அடுத்த அம்பை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு விசை இல்லாத ஹிஞ்ச் ரிலீஸுக்கு மாறினோம். முதுகு இழுக்க இழுக்கக் கை மெல்லத் திரும்பி அது தானாக விடுபடும். எப்போது என்று எய்பவருக்கே தெரியாது, ஆகவே முந்த வழியில்லை. இதில் ஓர் எச்சரிக்கை. பழகாதவர் நேராக வில்லில் மாட்டி இழுத்தால் பாதி இழுப்பிலேயே விடுபட்டு முஷ்டி வாயில் இடிக்கும். முதல் வாரம் இழுப்பின் நீளத்துக்கு ஒரு கயிற்று வளையம் கட்டி அதில் மட்டும் பழகினார்.

புள்ளியின் ஆட்டத்தைப் பற்றி நான் அவருக்குச் சொன்னது: நிறுத்த முயலாதீர்கள். ஆடட்டும். நடுவைச் சுற்றித்தானே ஆடுகிறது, நீங்கள் முதுகை மட்டும் கவனியுங்கள். ஒலிம்பிக்கில் எழுபது மீட்டரில் எய்கிறார்கள், 122 செ.மீ. அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ.தான். அவர்களுக்கும் குறி ஆடுகிறது. ஆட்டத்தோடு எய்யக் கற்றவர்கள் அவர்கள். இதைக் கேட்ட அன்று அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்பதாம் வாரம் அறுபது மீட்டரில் ஆறு அம்புச் சிதறல் 17 செ.மீ. ஆனது. வேட்டைக்கு அவர் பழைய மணிக்கட்டு ரிலீஸுக்கே திரும்பினார், ஆனால் விரல் இப்போது விசையின் மேல் சும்மா கிடந்தது, வேலையை முதுகு செய்தது.

வேட்டை முனை

பயிற்சி முனையோடு நன்றாகப் போகும் அம்பு, அகல அலகுள்ள பிராட்ஹெட் மாட்டினால் வேறு வழி போகும். அலகு முன்னால் இருக்கும் சிறகு மாதிரி. அம்பு வில்லிலிருந்து கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் அது காற்றைப் பிடித்துத் திருப்பிவிடும். நண்பருக்கு இருபது மீட்டரில் 3 செ.மீ. இடப்பக்கம் போனது. ஐம்பதில் 19. அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை வலப்பக்கம் ஒரு மி.மீ.க்கும் குறைவாக நகர்த்தி எய்து, மறுபடி நகர்த்தி, மூன்றாம் முறையில் இரண்டு முனைகளும் ஒரே இடத்துக்கு வந்தன. பிராட்ஹெட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட் நகர வேண்டும், இதுதான் விதி. இருபது மீட்டரில் மட்டும் சோதிப்பவர்கள் மூன்று செ.மீ.யைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

தூரக் கணிப்பையும் சேர்த்தே பழகினோம். லேசர் தூரமானி பையில் இருந்தாலும், எடுப்பதற்கு முன்னால் கண்ணால் ஒரு எண் சொல்ல வேண்டும். அறுபது மீட்டரில் தூரத்தை ஒரு மீட்டர் தவறாக எடுத்தால் அம்பு 4 செ.மீ.க்கு மேல் தவறும், இருபதில் ஒன்றரை. மூன்று மீட்டர் தவறினால் அறுபதில் 13 செ.மீ. அது நுரையீரலில் படுவதற்கும் அதைத் தவறவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

முதல் அம்பு

இனி இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதி. வேட்டைக்காரருக்கு ஆறு அம்பு கிடையாது. உடம்பு சூடாகாத, கை பழகாத ஒரே ஓர் அம்பு. ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 36 நாளும், வந்தவுடன் எந்த ஒத்திகையும் இல்லாமல் ஓர் அம்பு எய்து அதைத் தனிப் பக்கத்தில் எழுதினோம். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதிக்கு ஈடாக 20 செ.மீ. காகிதத் தட்டு. உள்ளே பட்டதா இல்லையா, அவ்வளவுதான். முப்பது, நாற்பது, ஐம்பது மீட்டர் மாறி மாறி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு முறை.

முப்பதில் பன்னிரண்டும் உள்ளே. நாற்பதில் பத்து. ஐம்பதில் ஏழு.

இதே ஆள், இதே நாட்களில், பயிற்சியின் நடுவில் ஐம்பது மீட்டரில் ஆறு அம்புகளை 15 செ.மீ.க்குள் வைத்துக்கொண்டிருந்தார். கூட்டமாக எய்யும்போது வரும் திறமை வேறு, தனியாக முதல் அம்பில் வரும் திறமை வேறு. அந்தப் பக்கத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதில் பன்னிரண்டுக்கு ஐந்து வெளியே என்றால், ஐந்து மான்கள் அடிபட்டு ஓடியிருக்கலாம். அட்டைக்கு வலிக்காது.

இன்னொரு கணக்கும் இருந்தது. வில்லின் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகிறது, அம்பு 82. முப்பது மீட்டரில் சத்தம் போய்ச் சேர்ந்து கால் நொடிக்குச் சற்று மேலான பிறகுதான் அம்பு சேரும். ஐம்பதில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட அரை நொடி. மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும், அரை நொடி அதற்கு ஏராளம். மிரளாமல் நடந்துகொண்டிருக்கும் மான்கூட அம்பு பறக்கும் நேரத்தில் ஒரு அடி எடுத்து வைத்துவிடும், நெஞ்சுக்கு எய்தது வயிற்றில் படும். நாம் எவ்வளவு துல்லியமாக எய்தாலும் இதைத் திருத்த முடியாது.

"சரி, முப்பதுதான் அண்ணா" என்றார். ஐம்பது கேட்டு வந்தவர். அந்த முடிவை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கடைசி இரண்டு வாரம், நாளின் முதல் அம்பைத் தவிர மற்றவற்றை அறுபதிலும் முப்பதிலும் மட்டும் எய்தோம், ஒரு நாளைக்கு 35 அம்புக்கு மேல் இல்லை. களைத்த தோள் கெட்ட பழக்கத்தைத்தான் கற்கும். வேட்டைக்குப் போடும் தடித்த மேலாடையோடு, முட்டிபோட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஓடி வந்து மூச்சு வாங்கும்போது என்று மாற்றி மாற்றி. மேலாடையின் கை நாணில் உரசுவது அப்போதுதான் தெரிந்தது, ஒரு பட்டை கட்டிக்கொண்டார். அறுபதிலிருந்து முப்பதுக்கு வந்து நின்றதும் தட்டு வாசல் கதவு மாதிரி பெரிதாகத் தெரிகிறது என்றார்.

பருவம்

நாலாம் நாள் ஒரு கொம்பன் மான் 44 மீட்டரில் பக்கவாட்டில் நின்று மேய்ந்தது. தூரமானியில் எண்ணைப் பார்த்துவிட்டு வில்லைத் தூக்கவே இல்லை. ஆறாம் நாள் 28 மீட்டரில் ஒரு பெண்மான். இழுத்தார், அது தலையைத் தூக்கிக் காதை இந்தப் பக்கம் திருப்பியது. இறக்கிவிட்டார். பத்தில் இரண்டு முறை இறக்கிப் பழகியது அங்கே கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் 24 மீட்டர், தலை புல்லில். அம்பு இரண்டு நுரையீரலையும் கடந்து போனது. மான் அறுபது மீட்டர் ஓடி விழுந்தது. அவர் அரை மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டுத்தான் தடம் பார்க்கப் போனார்.

அன்று இரவு போனில் பேசும்போது மகிழ்ச்சியைவிட அதிகமாக ஒன்றைப் பற்றிக் கேட்டார். அம்பு குறிவைத்த இடத்துக்கு ஐந்து செ.மீ. மேலே பட்டிருந்தது, ஏன்? நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு வாரத்தில் அந்தத் தூரத்தில் அவர் எய்த எந்த அம்பும் அவ்வளவு மேலே போனதில்லை. மான் தாழ்ந்திருக்கிறது. 24 மீட்டரில், தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்த மான், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில். "அப்போ ஐம்பதுல..." என்று ஆரம்பித்தவர் மேலே பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். முதல் அம்பு எழுதும் பக்கத்தில் புதிய வரி: 30 மீட்டர், உள்ளே, இடப்பக்கம் 3 செ.மீ., குமிழி பார்த்தேன்.